வேறொருத்தருக்கு ஏற்கெனவே நடந்த எதிர்காலம்

பொதட்டூர்பேட்டையில இருந்து பேசறேன். பின்னாடி டக்கு டக்குன்னு ஒரு சத்தம் கேட்டா, உங்க ஹெட்போன் கோளாறுன்னு நினைக்காதீங்க. பக்கத்து வீட்டுத் தறி. எடிட்ல எவ்வளவு குறைச்சாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், பொறுத்துக்கோங்க.

இன்னைக்கு டிஸ்டோபியா கதைகளைப் பத்திப் பேசப் போறோம். கேட்கிற ஒருத்தர் அனுப்பின மெசேஜ்தான் இதுக்குக் காரணம். "ப்ரோ, டிஸ்டோபியா எல்லாம் வெள்ளைக்காரங்களோட கவலை. வசதியா இருக்கிறவன் 'நாளைக்கு இப்படி ஆயிட்டா என்ன பண்றது'ன்னு யோசிக்கிறது. நமக்கு அது எதுக்கு?"

நல்ல கேள்வி. ரெண்டு வாரமா இது மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. யோசிச்சு யோசிச்சு நான் வந்து சேர்ந்த இடம் இதுதான்: டிஸ்டோபியா எழுதறவங்க எதிர்காலத்தைக் கண்டுபிடிக்கிறதில்ல. யாரோ சிலருக்கு ஏற்கெனவே நடந்ததை எடுத்து, எல்லாருக்கும் நடக்குற மாதிரி எழுதறாங்க. அந்த "யாரோ சிலர்" பல நேரம் நம்ம ஊர்க்காரங்கதான்.

புதுசா கேட்கிறவங்களுக்காக ஒரு நிமிஷம். யுட்டோபியான்னா எல்லாம் நல்லா இருக்குற கற்பனை நாடு. அதுக்கு நேர் எதிர் டிஸ்டோபியா. அரசாங்கமோ, கம்பெனியோ, மதமோ மனுஷனோட வாழ்க்கையை முழுசா கையில எடுத்துக்கிட்ட நாடு. ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாத்தின் 1920-21 வாக்கில் எழுதிய 'நாம்' நாவல்ல ஆட்களுக்குப் பேரே கிடையாது, நம்பர்தான். வீட்டுச் சுவர் எல்லாம் கண்ணாடி. அந்த நாவல் அவங்க நாட்டுலயே அச்சாக முடியாம, 1924-ல் இங்கிலீஷ்ல அமெரிக்காவில் வெளிவந்தது. அதுக்கப்புறம் 1949-ல் ஜார்ஜ் ஆர்வெல்லோட '1984'. 1985-ல் மார்கரெட் அட்வுட்டோட 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்'. அட்வுட் தனக்குத்தானே ஒரு விதி வச்சுக்கிட்டதா சொல்லியிருக்காங்க. மனுஷங்க எங்கேயாவது, எப்போதாவது உண்மையிலேயே செய்யாத எதையும் அந்த நாவல்ல சேர்க்கக் கூடாதுங்கிறது அந்த விதி. நான் இப்ப சொல்லப்போறதுக்கு அது ஒரு நல்ல சாவி.

இப்ப ஒரு கதைச்சுருக்கம் சொல்றேன். கேளுங்க.

ஒரு நாடு. அரசாங்கம் ஒரு பட்டியல் வெளியிடுது. அந்தப் பட்டியல்ல தனி ஆளோட பேரு இருக்காது, மொத்த மொத்தமா சமூகங்களோட பேரு இருக்கும். அந்தச் சமூகத்துல பிறந்தா நீ குற்றவாளி. நீ எதுவும் செஞ்சிருக்கணும்னு அவசியமில்ல. பெரியவங்க எல்லாரும் போய் பத்து விரல் ரேகையையும் கொடுக்கணும். ராத்திரியானா வீட்டுல படுக்கக் கூடாது, போலீஸ் ஸ்டேஷன்லயோ ஊர்ச் சாவடியிலயோ வந்து படுக்கணும். பக்கத்து ஊருக்குப் போகணும்னா சீட்டு வாங்கணும். சீட்டு இல்லாம வெளியில பிடிபட்டா அதுவே குற்றம். அப்பா அம்மாகிட்ட இருந்து பிள்ளைங்களைப் பிரிச்சு வேற இடத்துல வைக்கலாம். "எங்க பேரை ஏன் இந்தப் பட்டியல்ல சேர்த்தீங்க"ன்னு கோர்ட்டுக்குப் போய்க் கேட்கவும் முடியாது.

நெட்ஃபிளிக்ஸ்ல வந்தா ஒரே ராத்திரியில எட்டு எபிசோடும் பார்த்துடுவோம். ஆனா இது சீரிஸ் இல்ல. குற்றப்பரம்பரைச் சட்டம். 1871-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் கொண்டு வந்தது. முதல்ல வட இந்தியாவில், அப்புறம் 1911-ல் திருத்தி எழுதி, நம்ம சென்னை மாகாணத்துக்கும் நீட்டினாங்க. மதுரை, உசிலம்பட்டி பக்கம் மக்கள் அதுக்கு வச்ச பேரு இன்னும் நேரடியானது: ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3-ம் தேதி உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர்ல பிரமலைக் கள்ளர் மக்கள் "ரேகை கொடுக்க மாட்டோம்"னு நின்னாங்க. போலீஸ் சுட்டுச்சு. மாயக்காள்ங்கிற ஒரு பெண் உட்பட பதினைந்து பேருக்கு மேல செத்துப் போனாங்க. ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகல. ஜாலியன்வாலாபாக் நம்ம எல்லாருக்கும் பாடப் புத்தகத்துல இருந்துச்சு. பெருங்காமநல்லூர் பேரை எத்தனை பேர் ஸ்கூல்ல கேட்டிருக்கோம்?

இது தெற்குல மட்டும் நடந்ததுன்னு நினைச்சுக்காதீங்க. நான் உட்கார்ந்திருக்கிற இந்தப் பகுதி 1960 வரைக்கும் சித்தூர் மாவட்டத்துல இருந்தது. இங்க இருந்து பார்டர் தாண்டி ஆந்திரக் கடலோரம் வடக்கே போனா ஸ்டூவர்ட்புரம்னு ஒரு ஊர் வரும். அப்ப அதுவும் சென்னை மாகாணம்தான். மாகாண அரசுல இருந்த ஹரால்ட் ஸ்டூவர்ட்ங்கிற அதிகாரியோட பேரு அது. எருகுலா சமூகத்து ஜனங்களைக் கொண்டு வந்து குடிவச்ச 'செட்டில்மென்ட்'. எருகுலாங்கிறது நம்ம பக்கத்துக் குறவர் சமூகத்தோட உறவுள்ள சமூகம். நடத்தினது சால்வேஷன் ஆர்மிங்கிற கிறிஸ்தவ அமைப்பு. ஆட்களை எண்ணுவாங்க, வெளிய போக அனுமதி வாங்கணும், பக்கத்துலயே வேலை. "உங்களைத் திருத்துறோம்"னு சொல்லிக்கிட்டே இதெல்லாம் நடந்தது. டிஸ்டோபியா நாவல்கள்ல எந்த அரசாங்கமும் "நான் கெட்டவன்"னு சொல்லிக்காது, கவனிச்சிருக்கீங்களா? எல்லாம் உன் நல்லதுக்குத்தான்னு சொல்லும். அந்த வசனம் எழுத்தாளர்கள் கண்டுபிடிச்சது இல்ல, செட்டில்மென்ட்ல பேசினது.

சரி, இதுல டெக்னாலஜி எங்க வருது? நம்ம ஏரியாவுக்கு வர்றேன்.

ஆளை அடையாளம் காண விரல் ரேகையைப் பயன்படுத்துற முறை முதன்முதல்ல பெரிய அளவுல வளர்ந்தது நம்ம நாட்டுலதான். 1858-ல் வங்காளத்துல ஜங்கிப்பூர்ல வில்லியம் ஹெர்ஷல்ங்கிற அதிகாரி ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்துக்குப் பதிலா ஒருத்தரோட கைத்தடம் வாங்கினார். 1897-ல் கல்கத்தாவுல கைரேகைப் பணியகம் ஆரம்பிச்சாங்க. லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது 1901-ல் தான் போச்சு. அதாவது, முதல்ல நம்ம மேல டெஸ்ட் பண்ணிட்டு அப்புறம்தான் அவங்க ஊர்ல ரிலீஸ் பண்ணாங்க.

இதுல ஒரு விஷயம் என்னை அசர வச்சுது. லட்சக்கணக்கான ரேகைக் காகிதம் இருந்தா, அதுல ஒருத்தரோடதை எப்படித் தேடுவீங்க? கம்ப்யூட்டர் கிடையாது. கல்கத்தாவுல வேலை பார்த்த அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ்னு ரெண்டு இந்தியர்கள் அதுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. பத்து விரல்லயும் எந்த விரல்ல சுழி இருக்கு, எதுல இல்லைன்னு பார்த்து ஒரு நம்பர் கணக்குப் போடறது. அந்த நம்பர்படி 32-க்கு 32, மொத்தம் 1024 அறைகள்ல காகிதத்தைப் பிரிச்சு வைக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவங்களுக்குப் புரிஞ்சிருக்கும், இது மரத்துல செஞ்ச ஹாஷ் டேபிள். ரெண்டின் பத்தாவது அடுக்கு. பேரு என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போச்சு, இன்னைக்கும் அது ஹென்றி முறைதான்.

புத்திசாலித்தனமான வேலை, சந்தேகமே இல்ல. ஆனா அந்த ரேகையே, ஒரு சமூகத்துல பிறந்ததுக்காக ஜனங்களை வரிசையில நிறுத்துறதுக்கும் பயன்பட்டுச்சு. ரெண்டும் ஒரே கருவிதான்.

இப்ப ஆர்வெல்லுக்கு வருவோம். அவர் பிறந்தது பிஹார் மோதிஹாரியில, 1903. அப்பா ஓபியம் துறையில அதிகாரி. ஆர்வெல் 1922-ல இருந்து 1927 வரைக்கும் பர்மாவுல இம்பீரியல் போலீஸ்ல வேலை பார்த்தார். அப்ப பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோட ஒரு மாகாணம். நம்ம மாகாணத்துல ரேகைச் சட்டம் ஓடிட்டு இருந்த அதே வருஷங்கள். '1984'-க்கு ஸ்டாலினும் ஹிட்லரும்தான் காரணம்னு சொல்வாங்க. அது பெரிய காரணம்தான். ஆனா கண்காணிக்கிற வேலைன்னா என்னன்னு அவர் முதல்ல கத்துக்கிட்டது காக்கிச் சட்டை போட்டு, வேற நாட்டு ஜனங்க மேல. நாவல்ல அதே கண் லண்டன்காரங்க மேல திரும்புது. உலகமே பயந்துச்சு. பயந்ததுக்குக் காரணம் அந்தக் கண் புதுசா வந்ததா, இல்ல இப்ப தங்களையே பார்க்குதுங்கிறதா?

"சரி, தமிழ்ல?"னு கேட்பீங்க. இருக்கு. பெருமாள்முருகனோட 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', 2016-ல் வந்தது. அது எப்படி வந்துச்சுங்கிற கதையே தனி.

அவரோட 'மாதொருபாகன்' 2010-ல் வந்த நாவல். இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு வந்ததுக்கு அப்புறம், 2014 டிசம்பர்ல திருச்செங்கோட்டுல அதை எதிர்த்துப் போராட்டம், புத்தக எரிப்பு, கடையடைப்பு. 2015 ஜனவரி 12-ல் நாமக்கல் கலெக்டர் ஆபீஸ்ல ஒரு 'அமைதிப் பேச்சுவார்த்தை'. நிபந்தனையில்லாம மன்னிப்புக் கேட்கணும், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறணும்னு கையெழுத்து வாங்கினாங்க. 'அமைதி'ங்கிற பேர்ல ஒருத்தரைப் பேசாம பண்றது, '1984' படிச்சவங்களுக்குப் பழக்கமான மொழி. அதுக்குப் பிறகு எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துட்டார்னு அவரே ஃபேஸ்புக்ல அறிவிச்சார். 2016 ஜூலை 5-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தை முடிவு அவரைக் கட்டுப்படுத்தாதுன்னு சொல்லி, அவர் திரும்ப எழுத வரணும்னும் தீர்ப்புல சொல்லுச்சு.

அதுக்கு அப்புறம் வந்த முதல் நாவல் 'பூனாச்சி'. மனுஷங்களைப் பத்தி எழுதப் பயமா இருக்கு, கடவுள்களைப் பத்தின்னா இன்னும் பயம், மாட்டைப் பத்தியும் பன்றியைப் பத்தியும் பேசவே முடியாது, அதனால ஆட்டைப் பத்தி எழுதறேன்ங்கிற மாதிரி முன்னுரையிலயே சொல்லிடறார். நாவலுக்குள்ள ஒரு அரசாங்கம் இருக்கு. ஆடு குட்டி போட்டா பதிவு பண்ணணும், காதுல ஓட்டை போட்டு நம்பர் மாட்டணும். குட்டி எங்க இருந்து வந்துச்சுன்னு அதிகாரிக்குப் பதில் சொல்லணும். ஜனங்க எதுக்கெடுத்தாலும் க்யூவுல நிக்கறாங்க. கறுப்பு ஆடுன்னா அரசாங்கத்துக்குச் சந்தேகம், ராத்திரியில கண்ணுக்குத் தெரியாதே! பூனாச்சி கறுப்புக் குட்டி.

ரேகைச் சட்டத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டு 'பூனாச்சி'யை மறுபடி எடுத்தப்ப எனக்கு அது வேற புத்தகமா தெரிஞ்சுது. கறுப்பா பிறந்ததே சந்தேகத்துக்குப் போதும்ங்கிறது அங்க ஆட்டுக்கு எழுதின விதி. நம்ம மாகாணத்துல முப்பது வருஷத்துக்கு மேல மனுஷங்களுக்கு இருந்த விதி. சு. வெங்கடேசனோட 'காவல் கோட்டம்', 2011-ல் சாகித்ய அகாடமி வாங்கின நாவல், இதே சட்டம் வரைக்கும் வருது. அதைப் புத்தகக் கடையில 'வரலாற்று நாவல்' ஷெல்ஃப்ல வைப்பாங்க. 'பூனாச்சி'யை 'கற்பனை' ஷெல்ஃப்ல. ரெண்டு ஷெல்ஃபுக்கும் நடுவுல இருக்கிற சுவர் ரொம்ப மெல்லிசு.

சட்டம் சென்னை மாகாணத்துல 1947-ல் ரத்தாச்சு. நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-ல். அந்தப் பட்டியல்ல இருந்த சமூகங்களை இன்னைக்கு 'சீர்மரபினர்'னு சொல்றோம். ஆனா 1948-லயே இங்க 'வழக்கமான குற்றவாளிகள்' கட்டுப்பாட்டுச் சட்டம்னு இன்னொன்னு வந்துடுச்சு. 'ஜெய் பீம்' படத்தோட முதல் காட்சியை ஞாபகப்படுத்திக்கோங்க. ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்ககிட்ட ஜாதி கேட்டு, சிலரைப் போகச் சொல்லிட்டு, சிலரை மட்டும் புது கேஸ் போடறதுக்காகத் தனியா நிறுத்தி வைப்பாங்க. அந்தப் படத்துக்கு அடிப்படை 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்துல நடந்த ராஜாக்கண்ணு வழக்கு. படத்துல இருளர்னு மாத்தியிருந்தாங்க. உண்மையில அவர் குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஸ்டூவர்ட்புரத்தோட நேரா வந்து இணையுது பாருங்க. சட்டம் போயி நாற்பத்தாறு வருஷம் ஆனாலும் டேட்டா அப்படியே மாறாம இருந்திருக்கு.

இதுக்கும் ரொம்பப் பின்னாடி, 2024 அக்டோபர் 3-ல், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம், ஜெயில்ல ஜாதி பார்த்து வேலை பிரிக்கிற விதிகளைச் செல்லாதுன்னு சொன்னதோட, சீர்மரபினரை 'வழக்கமான குற்றவாளி'யா பார்க்கிற சிறை விதிகளையும் அடிச்சுது. 1871-ல் எழுதின ஒரு லைனை டெலீட் பண்ண 2024 வரைக்கும் ஆகியிருக்கு.

நான் இதை என் மொழியில சொல்லணும்னா, டீஃபால்ட் வேல்யூன்னு சொல்வேன். ப்ரோகிராம்ல ஒரு ஃபீல்டுக்கு யாரும் எதுவும் நிரப்பலைன்னா அது என்ன மதிப்பை எடுத்துக்கணும்னு நாம எழுதி வைப்போம் இல்லையா? சாதாரண சட்டத்துல ஒருத்தரோட டீஃபால்ட் 'நிரபராதி'. குற்றம்னு நிரூபிக்க வேண்டியது அரசாங்கம். ரேகைச் சட்டத்துல டீஃபால்ட் 'குற்றவாளி'. நான் படிச்ச டிஸ்டோபியா எல்லாத்துலயும் கேமராவும் ரோபோவும் மேல் பூச்சுதான். அடியில இருக்கிறது இந்த ஒரு மாற்றம்.

அதனால மெஷின் இருந்தாலே டிஸ்டோபியான்னு நான் சொல்லல. எங்க தெருவுல ஒரு ஆயா இருக்காங்க. நாற்பது வருஷத்துக்கு மேல தறி வேலை. நூலைத் தொட்டுத் தொட்டு விரல் நுனி எல்லாம் வழவழன்னு ஆயிடுச்சு. ரேஷன் கடையில மெஷின்ல விரலை வச்சா எடுக்காது. துடைச்சு வைப்பாங்க, அடுத்த விரல், அதுக்கடுத்த விரல். பின்னாடி க்யூ முணுமுணுக்கும். ஒரு தடவை நான் பக்கத்துல இருந்தப்ப, "டேய், நான்தான்டா நானு. இதுக்கு மேல என்னத்தக் காட்டறது?"ன்னு கேட்டாங்க. கடைக்காரர் சிரிச்சுட்டு, நோட்டுல கையெழுத்து வாங்கிட்டு அரிசியைப் போட்டுட்டார். அவருக்கு ஆயாவைத் தெரியும்.

போலி கார்டைத் தடுக்க மெஷின் வைக்கிறது நியாயம்தான். இதையும் ரேகைச் சட்டத்தையும் ஒண்ணுன்னு சொன்னா, பெருங்காமநல்லூர்ல செத்தவங்களை நான் சின்னதாக்கிடுவேன். ஆனா அந்த நோட்டுப் புத்தகம் இருந்ததால அன்னைக்கு ஆயாவோட டீஃபால்ட் 'உண்மையானவங்க'. நோட்டு இல்லாத இடத்துல, கடைக்காரருக்கு ஆயாவைத் தெரியாத ஊர்ல, விரல் தேய்ஞ்ச ஒரே காரணத்துக்காக அது 'போலி'ன்னு மாறிடும். எர்ரர் வந்தா என்ன பண்ணணும்னு எழுதறது யாரு? நம்மள மாதிரி ஒருத்தன், எங்கேயோ ஏசி ரூம்ல, ஒரு மதியத்துல.

இன்னொன்னு. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிகள் ஒருமனதா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. ஆதாரை எதிர்த்துப் போட்ட வழக்குலதான் அந்தக் கேள்வி எழுந்துச்சு. நல்ல தீர்ப்பு, நம்ம எல்லாருக்கும் பயன். ஆனா யோசிச்சுப் பாருங்க, ரேகையும் நம்பரும் படிச்ச, வேலைக்குப் போற ஆட்கள் வரைக்கும் வந்த பிறகுதான் இது நாடு முழுக்கப் பேச்சாச்சு. சில சமூகங்கள்கிட்ட மட்டும் ரேகை வாங்கினப்ப மத்தவங்க அதை 'பாதுகாப்பு'ன்னு நினைச்சு நிம்மதியா தூங்கினாங்க.

டிஸ்டோபியா கதைகள் படிக்கிறப்ப நாம எல்லாரும் ஹீரோ பக்கம்தான் நிப்போம். அந்த ஹீரோ என்ன வேலை பார்க்கிறான்னு கவனிச்சிருக்கீங்களா? '1984'-ல் வின்ஸ்டன் உண்மை அமைச்சகத்துல பழைய பேப்பர் ரெக்கார்டை எல்லாம் திருத்தி எழுதற ஆள். டேட்டா வேலை. 'நாம்' நாவல்ல டி-503 விண்கலம் கட்டுற இன்ஜினியர். எழுதின ஸம்யாத்தினே கப்பல் இன்ஜினியர்தான். ரெண்டுமே நம்ம துறை ஆட்கள். அந்த நாட்டுல கஷ்டப்படறவங்களும் அவங்கதான், அந்த நாட்டை ஓட்டுறதும் அவங்கதான். காலைல வேலைக்குப் போய் சிஸ்டத்தை மெயின்டெய்ன் பண்ணிட்டு, சாயந்திரம் வந்து அதே சிஸ்டத்தை நினைச்சுப் பயப்படறாங்க.

மெசேஜ் அனுப்பின நண்பருக்கு என் பதில் இதுதான். டிஸ்டோபியா நமக்கு ரொம்பத் தேவை, ஆனா கொஞ்சம் வேற மாதிரி படிக்கணும். "இது நமக்கு நடந்துடுமோ"ங்கிற கேள்வியோட நிறுத்திடாதீங்க. "இது யாருக்கு ஏற்கெனவே நடந்துச்சு, இப்ப யாருக்கு நடந்துட்டு இருக்கு, அதுல என் வேலை என்ன"ன்னு கேளுங்க. முதல் கேள்வி நம்மளை பயமுறுத்தும். அடுத்து வர்ற கேள்விகள்தான் வேலை வைக்கும்.

இந்த வாரத்துக்கு ரெண்டு விஷயம். 'பூனாச்சி'யைப் படிங்க, சின்னப் புத்தகம்தான், சென்னை-திருத்தணி ட்ரெயின்ல நாலஞ்சு தடவை போயிட்டு வந்தா முடிஞ்சுடும். அப்புறம் உங்க ஊர்ல, உங்க மாவட்டத்துல எந்தெந்தச் சமூகங்கள் 'சீர்மரபினர்' பட்டியல்ல இருக்குன்னு பாருங்க. அரசாங்க இணையதளத்துலயே இருக்கு. உங்ககூடப் படிச்சவங்க, பக்கத்து டெஸ்க்ல உட்கார்றவங்க சில பேரோட தாத்தா ராத்திரி ராத்திரி சாவடியில போய்ப் படுத்திருப்பார். அவங்களே பேச விரும்பினா உட்கார்ந்து கேளுங்க. தோண்டித் துருவிக் கேட்காதீங்க, ஏற்கெனவே நிறைய விசாரணையைப் பார்த்த குடும்பங்கள் அவை.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட சந்திப்போம்.